நூற்று முப்பத்தேழாம் தாள்

காரைக்குடி
3-6-2024

அன்புள்ள கண்ணனுக்கு,

சூசைமரியான் எழுதுகிறேன். நான் நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சென்ற மாதம் ஒன்பதாம் தேதி எழுதியதற்கு உன் பதில் இன்னும் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. கோயம்புத்தூர் போனபின் உனக்கு எழுத நேரம் கிடைக்கிறதோ என்னவோ. போனில் பேசலாம் என்றால் உன் காது இடம் கொடுப்பதில்லை. போன தடவை நான் "மாத்திரை போட்டியா, மாத்திரை போட்டியா" என்று கத்தியதில், பக்கத்து வீட்டு அம்மா பயந்துபோய்த் தண்ணீரும் மாத்திரையுமாக ஓடி வந்துவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வியாழக்கிழமை மதுரையிலிருந்து அனுசுயா என்று ஒரு பெண் வந்திருந்தாள். ஆடைகளின் வரலாற்றில் ஆராய்ச்சி செய்கிறாளாம். ஐம்பது, அறுபதுகளின் சினிமா நடிகைகள் உடுத்தியதும் கொண்டை முடிந்ததும் நம் பக்கத்துப் பெண்களை எப்படி மாற்றின என்று ஒரு கண்காட்சி வைக்கப் போகிறாள். கண்டனூரில் ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டை, கல்யாணம் இல்லாத ஆடி மாதத்துக்கு மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"சார், லீலாரஞ்சனி ஒரு படத்துல போட்ட ரவிக்கை, பத்தே நாள்ல கண்டனூர் ஆச்சிங்க வரைக்கும் வந்திருக்கு. பத்திரிகையில படம்கூட வரல. எப்படி சார்?" என்று கேட்டாள்.

"மாயக்கண்ணன் டெய்லர்" என்று உன் பெயரைச் சொன்னேன்.

அவளிடம் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். தெரிந்த கதையையே எழுதுகிறான் என்று சிரிக்காதே. என் ஞாபகத்தை நான் முழுதாக நம்புவதில்லை. தப்பிருந்தால் நீ திருத்த வேண்டும். லீலாரஞ்சனி படம் வெள்ளிக்கிழமை வந்தால் அன்றே நாம் பெஞ்சு டிக்கெட்டில் போய் உட்காருவோம். மேட்னியில் அவளுடைய முன்பக்கம், முதல் ஆட்டத்தில் முதுகு. பாட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் நான் பென்சிலால் வரைவேன், கொக்கிகளை எண்ணுவேன். நீ கதையும் பார்க்க மாட்டாய், பாட்டும் கேட்க மாட்டாய். "தோள்ல எத்தனை சுருக்கம்னு பார்றா" என்று என் விலாவில் இடித்துக்கொண்டே இருப்பாய். அடுத்த ஞாயிறு பூசைக்குள் ஒருத்தியாவது அந்த ரவிக்கையோடு மாதா கோயிலுக்கு வந்துவிடுவாள். சாமியார் பிரசங்கத்தில் குட்டைக் கையைக் கண்டித்தால் உன் கடைக்கு அந்த வாரம் இன்னும் பத்துத் துணி வரும்.

நான் அவரிடம் போய்ப் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்த கதையையும் சொன்னேன். "சினிமா பார்த்தேன் சாமி." "படத்துல என்னத்தப் பாத்த?" "ரவிக்கைய மட்டுந்தான் பாத்தேன் சாமி." உள்ளிருந்து முதலில் ஓர் இருமல்தான் வந்தது. பிறகு ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையை மூன்று தடவை சொல்லச் சொன்னார். அனுசுயா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லீலாரஞ்சனி வருவதற்கு முன் நம் பக்கம் ரவிக்கை என்பது உடம்பை மூடும் துணி. அவளுக்குப் பிறகுதான் பெண்கள் கண்ணாடியில் தங்கள் முதுகைத் திரும்பிப் பார்த்தார்கள். இதை நானே சொன்னேன். சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டோமோ என்று கூச்சமாக இருந்தது.

"அப்புறம் நீங்க படமே வரையலையா சார்?" என்றாள். முப்பத்தாறு வருஷம் கரும்பலகையில் இந்தியாவும் ஆப்பிரிக்காவும் வரைந்தேன் என்றேன். புவியியல் வாத்தியார் வேறு என்ன வரைவான்? வீட்டில் சந்தனமேரி மட்டும் கிறிஸ்துமஸ் தவறாமல் ஒரு பெட்டி கலர் பென்சில் வாங்கி என் மேசையில் வைப்பாள். நதிக்கு நீலம், மலைக்குப் பழுப்பு என்று மேப்பிலேயே தீர்த்துவிடுவேன், ஓய்வு பெற்ற பிறகும்கூட. அவள் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. கடைசிப் பெட்டியில் பச்சை இன்னும் பாதி இருக்கிறது.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கண்காட்சி அட்டையில் "தைத்தவர்: மாயக்கண்ணன்" என்று போடுகிறாள். அதன் கீழே சின்ன எழுத்தில் "படம்: சூசைமரியான்" என்று போடலாமா என்றாள். உன்னைக் கேட்காமல் பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீ வேண்டாம் என்றால் வேண்டாம். அடுத்தது, ரவிக்கை அளவுக்கு வெட்டிய தாள்களை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு வைப்பாயே, அது எங்கே?

என்றும் உன்,
சூசைமரியான்


கோயம்புத்தூர்
12-6-2024

என் வாத்தியாருக்கு மாயக்கண்ணன் எழுதுவது.

உன் கடிதத்தை மருமகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "மாமா, நீங்க சினிமாவுக்குப் போனதே ரவிக்கை பாக்கத்தானா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டாள். போன மாசக் கடிதமும் வந்தது. சோம்பலில் விட்டுவிட்டேன், திட்டாதே.

உன் பெயரைப் போட என் உத்தரவு எதற்கடா? பெரிய எழுத்திலேயே போடச் சொல். என் பெயருக்குக் கீழே, அவ்வளவுதான்.

பெட்டி நாச்சியாபுரத்தில் என் தம்பி மகன் பாண்டிமுருகன் வீட்டுப் பரணில் இருக்கிறது. போன் போட்டுச் சொல்லச் சொல்லிவிட்டேன். நீயே கூடப் போய் எடுத்துக் கொடு. அந்தப் பெண் அவசரத்தில் கிழித்துவிடப் போகிறாள்.

கண்டனூர் ஷூட்டிங் கதையை அவளிடம் சொன்னாயா இல்லையா? அதைச் சொல்லாமல் என்ன கண்காட்சி! 1961 ஆவணி. மாடிப்படி இறங்கும்போது லீலாரஞ்சனியின் ரவிக்கை ஆணியில் மாட்டித் தோளிலிருந்து கிழிந்தது. அவளுடைய டெய்லர் மெட்ராஸில். கார் நேராக என் கடை வாசலில் வந்து நின்று நம் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனது. போன படத்தில் போட்ட அதே வெட்டுத்தான். உன் பாட்டுப் புத்தகத்தில் முன்னும் பின்னும், கொக்கி ஏழு என்று எழுதியது உட்பட இருந்தது. அதைப் பார்த்து ஷூட்டிங் வீட்டு ஹாலிலேயே மிஷினைப் போட்டு மூன்று மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தேன்.

போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கலர் வாங்கிக் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். பெரிய இடம், அப்படித்தான் இருக்கும். நீ எங்கே இருந்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? செருப்பு வார் அறுந்துபோச்சு என்று வெளியே வேப்பமரத்தடியில் நின்றாய். "உள்ள வாடா, ஒன்னைய யாரு பாக்கப் போறாக"ன்னு மூணு தடவை கூப்பிட்டேன். வரவில்லையே நீ!

உன்
மா. கண்ணன்


காரைக்குடி
29-6-2024

அன்புள்ள கண்ணனுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். அனுசுயாவோடு நாச்சியாபுரம் போய்வந்தேன். பாண்டிமுருகன் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினான். "பேப்பர் கடையில போடலாம்னு ரெண்டு தடவை எறக்கிட்டேன் சார். பெரியப்பா சாமி சத்தியம் வாங்கியிருக்காக, அதான் வச்சிருக்கேன். எலி கடிச்சிருந்தா நான் பொறுப்பில்ல" என்றான். எலி கடிக்கவில்லை. பூச்சி வராமல் நீ போட்ட புகையிலைக் காம்பு இன்னும் அடியில் இருக்கிறது.

பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்து எட்டு நாள் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு தாள். ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் பென்சிலால் எண் கொடுத்தேன். பெரும்பாலும் செய்தித்தாள், கல்யாணப் பத்திரிகை, காலண்டர் அட்டை, சினிமா நோட்டீஸ் எல்லாமும் இருக்கிறது. ஒரு காகிதத்தையும் நீ வீணாக்கியதில்லை.

நூற்று முப்பத்தேழாம் தாளைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அது தடிமனான, மங்கிய வெள்ளைத் தாள். முழங்கை வரை வரும் கைக்கான பாதி. துணியை மடித்து அதன்மேல் வைத்து வெட்டுவாயே, அது. நீலப் பென்சிலில் உன் எழுத்து: "ச. மேரி. கை 10. கல்யாணம்." எனக்கு உடனே தெரிந்துவிட்டது. 1967இல் சாமியார், மணப்பெண் முழங்கை மூடாமல் பீடத்துக்கு வரக்கூடாது என்று சொன்னதால் நீ முனகிக்கொண்டே தைத்த வெள்ளை ரவிக்கை. சந்தனமேரியின் கை. சந்தோஷத்தில் அதைக் கொஞ்ச நேரம் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திருப்பினேன்.

பின்பக்கம் ஒரு கடிதம். மேலே அச்சடித்த பெயரில் "லீலார" வரைதான் இருக்கிறது. அக்குள் வளைவுக்காக மீதியை வெட்டியிருக்கிறாய். தேதி 11-9-1961. இருப்பதை அப்படியே எழுதுகிறேன். ஒவ்வொரு வரியும் வெட்டுப்பட்ட இடத்தில் நின்றுவிடுகிறது.

"நீங்கள் தைத்தது நன்றாக இருந்தது. ஆனால் எனக்கு அந்தப் பட
பாட்டுப் புத்தகத்தின் பின்னால் வரைந்த தம்பி
ஒருமுறை பார்த்ததை இப்படி வரைய என் கம்பெனியில் ஒருவரும்
ஆடைப் பகுதியில் படம் போட ஓர் இடம் காலி
தை பிறப்பதற்குள் சென்னைக்கு அனுப்பி
தங்குவதற்கு என் அக்கா வீட்டு மாடி"

கீழே கையெழுத்து, பாதி.

நான் தப்பாகப் படித்திருக்கலாம். புரை எடுத்த பிறகு வலது கண் சில சமயம் இல்லாத எழுத்தையும் காட்டுகிறது. அதனால் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடி படித்தேன். அதே வரிகள்தான். அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று நீ எழுதியிருந்தாய். அன்று சொல்லாமல் இருந்து, பிறகு எழுதியிருப்பாளோ? இது வேறு யாரோ ஒரு தம்பியைப் பற்றியதோ? உனக்குத் தெரிந்திருக்கும்.

அனுசுயாவிடம் காட்டவில்லை. அவளுக்குக் கொடுத்த பட்டியலில் 136க்கு அடுத்து 138 என்று எழுதிவிட்டேன். என் பட்டியலில் ஓர் எண் விட்டுப்போவது இதுவே முதல் தடவை.

பதிலை எதிர்பார்க்கும்,
சூசைமரியான்


கோயம்புத்தூர்
6-7-2024

வாத்தியாருக்கு,

அறுபது வருஷத்துக் குப்பையைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, உனக்கு வேறு வேலை இல்லையா? எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. சினிமாக்காரர்கள் அப்படித்தான் ஊருக்கு நூறு பேருக்கு எழுதுவார்கள். கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்க முத்துவீரன் இருந்தான் இல்லையா, அவனும் கொஞ்சம் படம் போடுவான். அவனைச் சொல்லியிருப்பாள்.

அந்தத் தாளை எனக்கு அனுப்பிவிடு. கண்காட்சிக்கு வேண்டாம்.

கண்ணன்


காரைக்குடி
15-7-2024

அன்புள்ள கண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இதை எழுதலாமா கூடாதா என்று நான்கு நாள் யோசித்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நீ கோபப்படக் கூடாது.

முத்துவீரன் உன் கடைக்கு வந்தது 1964இல். அவன் கல்யாணத்தில் நான் வாசித்த வாழ்த்துமடலில் "நான்கு ஆண்டுகளாக நம் கடையில்" என்று எழுதியிருக்கிறேன். அதன் நகல் என்னிடம் இருக்கிறது, வருஷம் 1968. கடிதம் வந்தபோது அவன் நம் ஊரிலேயே இல்லை.

இன்னொன்று. நீ காகிதத்தை வீணாக்காதவன் என்பதால், கைக்கு வெட்டியது போக மிஞ்சிய துண்டு எங்கேயாவது இருக்கும் என்று தோன்றியது. மறுபடி எல்லாவற்றையும் எடுத்துத் தடவிப் பார்த்தேன். நூற்று ஐம்பத்தொன்றாம் தாள், கழுத்துப் பட்டிக்கு வெட்டிய வளைவான துண்டு, அதே தடிமன். 137இன் ஓரத்தில் வைத்தால் வரிகள் சேருகின்றன. அதில் இருப்பது கொஞ்சம்தான். "சூசை என்று நீங்கள் சொன்ன" என்று ஒரு வரி. "அவரையே கேட்டு உடன் பதில்" என்று ஒரு வரி.

இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டேன்.

1961 தீபாவளிக்கு உன் கடையில் உட்கார்ந்து நாற்பது படம் வரைந்தேன். அந்தக் கடிதம் அப்போது எந்த டிராயரில் இருந்தது? தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் நான் உட்கார்ந்த ஸ்டூலுக்கு அது இடப்பக்கமா, வலப்பக்கமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நான் போயிருப்பேன் என்று சொல்லவில்லை. என்னை எனக்குத் தெரியும். போயிருக்க மாட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மாட்டேன் என்று சொல்வதாக இருந்தாலும் அதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

ஏன் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

உன்,
சூசைமரியான்


கோயம்புத்தூர்
24-7-2024

சூசைக்கு,

நீ இப்படி வாழ்த்துமடலையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கேட்பாய் என்று தெரிந்திருந்தால் பெட்டியை எரித்திருப்பேன். ஞாபகம் இல்லை என்று எழுதியது பொய். அந்தத் தாளை எந்த இடத்தில் மடித்து வெட்டினேன் என்பதுவரை ஞாபகம் இருக்கிறது. ஆனால் பெட்டிக்குள்ளேயே கிடக்கும் என்பது மறந்துபோனது. கைப் பழக்கத்தில் மற்ற தாள்களோடு போட்டுவிட்டேன்.

ஷூட்டிங் அன்றைக்கு அவள் என் தையலைப் பார்க்கவே இல்லைடா. உன் பாட்டுப் புத்தகத்தைத்தான் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை யார் போட்டது?" என்றாள். "என் கூட்டாளிம்மா, சூசைன்னு பேரு. வெளிய நிக்கிறான், கூச்சக்காரப் பய" என்றேன். எழுந்து போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். நீ அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தோடு மரமாக நின்றாய். பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்புத்தான், கேலி இல்லை.

அந்தச் சிரிப்பை நான் உன்னிடம் சொல்லவில்லை. மறைப்பது அன்றே ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்.

கடிதம் வந்தபோது தீபாவளிக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ஆச்சிகள் வீட்டிலிருந்து துணி துணியாக வருகிறது. நான் படித்தது எட்டாவது. என்னிடம் இருந்தது ஒரு கத்தரிக்கோலும் உன் கண்ணும்தான். நீ போய்விட்டால் கத்தரிக்கோல் மட்டும் மிஞ்சும். பண்டிகை முடியட்டும், சொல்லலாம் என்று வைத்தேன். பண்டிகை முடிந்தது. பொங்கலுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். தை பிறந்துவிட்டது. அதற்கப்புறம் சொன்னால், ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்தே வருஷம் ஓடிப்போனது. உன் கல்யாணம் முடிவான அன்றுதான் வெட்டினேன். இனி இவன் எங்கேயும் போகப் போவதில்லை, இதற்கும் வேலை இல்லை என்று. எரித்திருக்கலாம். நல்ல தாளை எரிக்க மனசு வரவில்லை.

ஆனால் நீயும் யோசித்துப் பார். ஒரு வாசப்படி தாண்டாதவன் மெட்ராஸ் போயிருப்பாயா? கோயில் உபதேசியார் மகனை நடிகைக்கு ரவிக்கைப் படம் போட உங்கள் அப்பா அனுப்பியிருப்பாரா? போயிருந்தால் சந்தனமேரி ஏது, மகள் மெர்சி ஏது? முப்பத்தாறு வருஷம் மரியாதையாக வாத்தியார் வேலை பார்த்தாய். நான் உனக்குக் கெட்டது செய்துவிடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் மட்டும் குற்றவாளி இல்லை. சந்தனமேரிக்கு எல்லாம் தெரியும்.

1978இல் மெர்சியின் முதல் நற்கருணைப் பூசைக்குக் கவுன் தைக்க வெள்ளைத் துணி கொண்டுவந்தாள். எனக்கு அப்போது அல்சர் வந்து செத்துப் பிழைத்திருந்த சமயம். மனசு கேட்கவில்லை, அவளிடம் சொல்லிவிட்டேன். கையிலிருந்த துணியை நீவி மடித்தாள். அப்புறம் சொன்னாள்: "அண்ணே, இத அவுககிட்டச் சொல்லிப்புடாதீக. இப்பத்தான் மேப்பும் பிள்ளைகளுமா நிம்மதியா இருக்காக. சொன்னீகன்னா ஆயுசுக்கும் அங்குட்டே திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு இருப்பாக. இங்குட்டு நான் ஒருத்தி நிக்கிறது தெரியாது."

அதற்கப்புறம் நான் எப்படிச் சொல்வேன், நீயே சொல். உன் பெண்டாட்டி வாயை மூடச் சொன்னாள், மூடினேன்.

நான் போகிற வயசு. என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது. திட்டிவிட்டு எப்போதும்போல எழுது.

மாயக்கண்ணன்


காரைக்குடி
2-8-2024

கண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கண்டனூருக்குப் போனேன். அன்றுதான் கண்காட்சி திறந்தார்கள். நல்ல கூட்டம். அனுசுயா உன் தாள்களைக் கண்ணாடிக்குள் வரிசையாக வைத்து, பக்கத்தில் லீலாரஞ்சனியின் போட்டோக்களையும், வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பழைய ரவிக்கைகளையும் வைத்திருக்கிறாள். உன் பெயரும் என் பெயரும் அட்டையில் இருக்கின்றன, நீ சொன்ன வரிசையில். அதை மாற்றச் சொல்லவில்லை.

தொண்ணூறு வயதிருக்கும், ஓர் ஆச்சியைப் பேத்தி கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தாள். ஒரு கறுப்புப் பட்டு ரவிக்கையின் முன்னால் ஆச்சி நின்றுவிட்டார். "இந்தா, இதுதேன். இந்த சன்னல் வச்ச முதுகு எனக்குத் தச்சதுதேன். எங்க அப்பச்சி பாத்துட்டு மூணு நா எங்கூடப் பேசல. பேசாட்டி போறாகன்னு நாலாம் நா பச்சையில ஒண்ணு தைக்கக் குடுத்தேன்."

"ஆச்சி, எல்லாரும் பாக்குறாக" என்றாள் பேத்தி.

"பாக்கட்டுமே. அதுக்குத்தானே தச்சது" என்றார் ஆச்சி.

பிறகு அனுசுயாவைப் பார்த்து, "தச்சவனத் தெரியும், நல்லா வாய் பேசுவான். படம் போட்டவன்னு எழுதியிருக்கே, அது யாரு? உசுரோட இருக்கானா?" என்று கேட்டார். நான் நாலு அடி தள்ளித் தூணருகே நின்றேன். அனுசுயா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து தரைக் கல்லைப் பார்த்தேன். அவள் புரிந்துகொண்டு, "இருக்காங்க ஆச்சி" என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே நீ எழுதியது சரி. எண்பத்திரண்டு வயதிலும் நான் அந்த நாலு அடியைத் தாண்டவில்லை. இருபது வயதிலும் தாண்டியிருக்க மாட்டேன். இதை உனக்காக ஒப்புக்கொண்டு எழுதித் தருகிறேன்.

உன் கடிதத்தின் முதல் பாதியைப் படித்தபோது உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. லீலாரஞ்சனி ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள் என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அதை நீ எழுதியதற்கு நன்றி என்றுகூடச் சொல்ல நினைத்தேன். கத்தரிக்கோல் மட்டும் மிஞ்சும் என்ற பயமும் புரிந்தது. பயம் எனக்குப் புதிதல்ல. மன்னித்துவிட்டேன் என்று எழுதுவதற்குத் தாளையும் எடுத்து வைத்தேன். பிறகுதான் மீதியைப் படித்தேன்.

நீ பொய் சொல்கிறாய் என்று நம்ப மிகவும் முயன்றேன். முடியவில்லை. "இங்குட்டு நான் ஒருத்தி நிக்கிறது தெரியாது" என்பது சந்தனமேரி வாயில் வரும் பேச்சுத்தான். அந்த வாக்கியத்தை உன்னால் உண்டாக்க முடியாது.

கலர் பென்சில் பெட்டிகளைப் பற்றி உனக்கு எழுதியிருந்தேன். டைரிகளை எடுத்து அவள் முதல் பெட்டியை எந்த வருஷம் வைத்தாள் என்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. 1978 கிறிஸ்துமஸ். அதற்கு முன் பதினோரு கிறிஸ்துமஸ் எங்களுக்கு வந்து போயிருக்கிறது. அவற்றில் பென்சில் இல்லை, வேட்டிதான். 78இலிருந்து 2018 வரை நாற்பத்தொரு பெட்டி. ஒவ்வொரு தடவையும் மேசையில் வைத்துவிட்டுச் சற்று நின்று பார்ப்பாள். நான் பெட்டியைத் திறந்து நதி வரைந்தேன்.

அதை நான் அன்பு என்று வைத்திருந்தேன், கண்ணா. இனி அது அன்பா, என்னிடம் மறைத்ததற்கு வருஷா வருஷம் செய்த பரிகாரமா, இல்லை ஒருநாளாவது வரைய மாட்டானா என்ற ஆசையா என்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு அவள் இல்லை. கல்லறைக்குப் போய் நின்றேன். அங்கேயும் கேட்கத் தைரியம் வரவில்லை.

1961இல் நீ எடுத்துக்கொண்டது நான் வாழாத ஒரு வாழ்க்கை. அது என்னிடம் இருந்ததே எனக்குத் தெரியாது; போனதற்காக எவ்வளவு அழுவது என்றும் தெரியவில்லை. இந்த ஜூலையில் நீ எடுத்தது நான் வாழ்ந்தது. அது என்னிடம் பத்திரமாக இருந்தது. ஏன் என்று மட்டும்தான் உன்னைக் கேட்டேன். அதற்குப் பதில் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. அங்கே நீ நிறுத்தியிருக்கலாம். உன் பங்கைக் குறைத்துக்கொள்ள ஆள் தேடினாய். பதில் பேச முடியாத ஒருத்தி கிடைத்தாள்.

அவள் கேட்டுக்கொண்டதால் நாற்பத்தாறு வருஷம் வாயை மூடியிருந்தேன் என்கிறாய். இன்னும் கொஞ்ச நாள் மூடியிருந்தால் அவள் கேட்டது நிறைவேறியிருக்கும். அவள் சொன்னதுபோலவே நான் இப்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சென்னையை அல்ல, அவளை.

நூற்று முப்பத்தேழாம் தாளைக் கேட்டிருந்தாய். அனுப்பவில்லை. அது சந்தனமேரியின் கை அளவு. நீலப் பென்சில் பக்கம் தெரியும்படி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நூற்று ஐம்பத்தொன்று இத்துடன் இருக்கிறது. அதில் இருப்பது என் பெயர். இத்தனை வருஷம் உன்னிடம் இருந்தது, அங்கேயே இருக்கட்டும்.

பிரஷர் மாத்திரையை நிறுத்தாதே. இந்த வரியை எழுதாமல் முடிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

பதில் எழுத வேண்டாம். எழுதினால் பிரித்துப் படித்துவிடுவேன். படித்தால் உட்கார்ந்து பதிலும் எழுதிவிடுவேன். என்னை உனக்குத் தெரியும்.

சூசைமரியான்